இடது முன்சக்கரம்

அக்டோபர் 26, வெள்ளி

காலை பத்தரை மணிக்கு வண்டி வீட்டுக்கு வந்தது. கிரேன்காரர்கள் முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டி, போலீஸ் ஸ்டேஷன் வாசலிலிருந்து குருசுக்குப்பம் வரை இழுத்துவந்து, வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் தள்ளிவிட்டுப் போனார்கள்.

வண்டி வேலைகளை எழுதிவரும் பழைய நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் எழுதாமல் இருக்கிறது. இருந்தாலும் புதிய நோட்டில் தொடங்குகிறேன். விபத்துக்குப் பிறகு செய்யும் வேலை தனியாக இருப்பது நல்லது.

இது பிரெஞ்சுக் கார். 1966 மாடல். என் மனைவி மதலேனின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியபோது மர்சே துறைமுகத்தில் கப்பலேற்றிக் கொண்டுவந்தது. ஸ்டீயரிங் இடப்பக்கம். மதலேன் இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றாள். கல்யாணமாகி முப்பது வருடமாக அவள்தான் ஓட்டுகிறாள், நான் பழுது பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு காரைப் புரிந்துகொள்வது பெரிய காரியமில்லை.

இந்த மாதம் 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதலேன் தனியாக மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்போது பழைய கிடங்குச் சுவர் திருப்பத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே ஆட்களை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ நின்றிருந்தது. அதில் மோதாமல் வண்டியைச் சுவர்மேல் விட்டாள். வேறு யாருக்கும் அடியில்லை. அவளுக்கு வலது கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்திருக்கிறார்கள்.

அதற்குப் பன்னிரண்டு நாள் முன்புதான் முத்தியால்பேட்டை மெக்கானிக் கலியமூர்த்தி கடையில் பிரேக் வேலை நடந்தது. விபத்துக்கு மறுநாளே அவன் கடை வாசலில் நின்று, பக்கத்து டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி நன்றாகக் கேட்டுவிட்டு வந்தேன்.

சேதம்: வலது முன் மட்கார்டு, ரேடியேட்டர், வலது ஹெட்லைட், பம்பர். இடது பக்கத்தில் ஒன்றுமில்லை. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 28, ஞாயிறு

ரேடியேட்டரைக் கழற்ற நான்கு போல்ட். மூன்று வந்தன. நான்காவது துருப்பிடித்து, ஸ்பானர் வைத்ததும் தலை மழுங்கிவிட்டது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டேன்.

வண்டியின் கையேடு பிரெஞ்சில் இருக்கிறது. எனக்கு பிரெஞ்சு வராது. மதலேன் லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். அவள் கட்டிலைக் கொட்டகைப் பக்கத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு அவள் அங்கிருந்து படிக்கிறாள், நான் இங்கே கேட்டுச் செய்கிறேன். எப்போதும் இப்படித்தான் செய்வோம். முன்பு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாள்.

சர்ச்சில் பூசை முடிந்து தேவசகாயம் பார்க்க வந்தான். என்னோடு வேலை பார்த்த விளையாட்டு ஆசிரியர். காபி குடித்துவிட்டு, மதலேனிடம், "கவலப்படாதீங்கம்மா. அவசரத்துல கால் மாறிடும். என் தங்கச்சியும் இப்படித்தான், பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர அமுத்திட்டா" என்றான்.

"நான் பிரேக்கதான் சார் அமுத்தினன். தரையோட போயிடுச்சு" என்றாள்.

"அப்படித்தான் தோணும்" என்றான் அவன்.

அவன் தெருமுனை தாண்டும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "ஏங்க, நான் பிரேக்கதானே அமுத்தியிருப்பன்?"

"கலியமூர்த்தி வேலை சரியில்ல. அவ்வளவுதான்" என்றேன்.

அது அவள் கேட்டதற்குப் பதில் இல்லை என்று இப்போது எழுதும்போது தெரிகிறது.

அக்டோபர் 31, புதன்

நான்காவது போல்ட் உடைந்தது. அதைத் துளைபோட்டு எடுக்க ஒரு பகல் முழுக்கப் போனது. ட்ரில் பிட் இரண்டு முறிந்தன. ரேடியேட்டரைப் பற்றவைக்கக் கொடுத்திருக்கிறேன். அந்தக் கடைக்காரர், "இந்த மாடல ஏன் சார் கட்டி அழுறீங்க" என்றார். மாமனார் வண்டி என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

நவம்பர் 3, சனி

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தாளாளர் ஃபாதர் இஞ்ஞாசி கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனேன். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகியும் வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

பள்ளிக்கூடத்தின் ஆறு வேன்களையும் ஜனவரியிலிருந்து கலியமூர்த்தியிடம் பராமரிப்புக்கு விடுவதாக இருந்தார்களாம்.

"உங்க வீட்டு விஷயம் கேள்விப்பட்டேன். பிள்ளைங்க போற வண்டி சார். இருபத்தஞ்சாந்தேதி நிர்வாகக் குழு கூடுது. நீங்க ரெண்டு வரி எழுதிக் குடுத்தா முடிவெடுக்கச் சௌகரியமா இருக்கும்" என்றார்.

அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மூன்று வாக்கியம். "அக்டோபர் 2 அன்று கலியமூர்த்தி என் காரில் பிரேக் வேலை செய்தார். 14 அன்று பிரேக் பிடிக்கவில்லை. என் மனைவியின் கால் எலும்பு முறிந்தது."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. திரும்பி வரும்போது வழியில் மூன்றையும் மறுபடி சொல்லிப் பார்த்தேன். பிழையில்லை.

நவம்பர் 5, திங்கள்

மழை. கொட்டகை ஒழுகுகிறது. தார்ப்பாய் கட்டினேன். வேறு வேலை இல்லை.

நவம்பர் 7, புதன்

ஹெட்லைட்டுக்கு வில்லியனூர் பழைய இரும்புக் கடையில் ஒரு வளையம் கிடைத்தது. வேறு வண்டியுடையது. கால் அங்குலம் பெரிது. அரத்தால் தேய்த்துத் தேய்த்து உட்காரவைத்தேன். மாட்டும்போது கடைசி ஸ்க்ரூ கைநழுவிச் சாக்கடையில் விழுந்தது. சேற்றில் கையைவிட்டு அரைமணி நேரம் துழாவினேன். கிடைக்கவில்லை. இந்த வண்டிக்கு ஒரு ஸ்க்ரூகூட இந்த நாட்டில் பிறந்ததில்லை.

நவம்பர் 9, வெள்ளி

காலை பதினொரு மணிக்குக் கலியமூர்த்தி வந்தான். சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, செருப்பை வாசலில் விட்டு, நேராக மதலேனிடம் போய், "கால் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டான். அவள் உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. கொட்டகைக்கு வந்தான்.

"சார், ஸ்கூல்ல எழுதிக் குடுத்திருக்கீங்களாமே."

"நடந்தத எழுதினேன்."

"நான் தொட்டது பின் சக்கரம் ரெண்டுந்தான் சார். ட்ரம்ம இழுக்கற புல்லர் உங்ககிட்ட இல்லன்னு கொண்டாந்தீங்க. பிரேக் ஷூ மாத்துனன், குடுத்தன். அன்னிக்கே முன்பக்கம் ஒரு பார்வை பாக்கட்டுமான்னு கேட்டன். அத நான் பாத்துக்கிறன், நீ பின்னாடி மட்டும் முடின்னு சொன்னீங்க."

அவன் அப்படிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கேட்டிருக்கலாம்.

"பெடல் தரையோட போச்சுன்னா எங்கியோ ஆயில் வெளிய போயிருக்குன்னு அர்த்தம். உங்களுக்கு நான் சொல்லணுமா? நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். எங்க ஒழுகுனாலும் மொத்தமும் போயிடும். இருபத்தஞ்சாந்தேதி கூட்டத்துக்குள்ள நாலையும் கழட்டிப் பாருங்க சார். என் வேலையில கோளாறுன்னா நானே ஃபாதர்கிட்ட வந்து ஒத்துக்கிறன். இப்பவே வேணும்னாலும் கழட்டலாம், நான் கூட நிக்கிறன்."

மழை வரும்போல இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம் என்றேன்.

அவன் வானத்தைப் பார்த்தான். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

ஜன்னலில் மதலேன் இருந்தாள். எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 12, திங்கள்

பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றினேன். புல்லரைத் தேவசகாயம் எங்கோ சொல்லி வாங்கி வந்தான். ட்ரம் உள்ளே காய்ந்திருக்கிறது. புது ஷூ, புது ஸ்பிரிங், எல்லாம் நேர்த்தி. ஒழுகல் இல்லை. வலது முன்சக்கரமும் பார்த்தேன். காய்ந்திருக்கிறது.

மாலையில் உள்ளே போனபோது மதலேன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தரையில் என் செருப்பு இரண்டையும் இடமும் வலமுமாக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டுப்போடாத இடது காலால் ஒன்றை அமுத்தினாள். பிறகு மற்றதை. என்னைப் பார்த்ததும் காலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன செய்யற?"

"ஞாபகம் வருதான்னு பாக்கறன். ஒவ்வொரு தரம் ஒவ்வொண்ணா வருது."

செருப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 14, புதன்

இடது முன்சக்கரத்தைக் கழற்றினேன். மூன்று போல்ட். எதுவும் அடம்பிடிக்கவில்லை. பத்து நிமிடத்தில் மறுபடி மாட்டிவிட்டேன். பிற்பகல் மழை.

நவம்பர் 15, வியாழன்

வேலை இல்லை.

நவம்பர் 16, வெள்ளி

பாரிஸில் இருக்கும் மகள் செலினுக்குப் போன் செய்தேன். முன்சக்கரங்களுக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் ஒரு ஜோடி வேண்டும் என்றேன். அவளோடு வேலை பார்ப்பவரின் அம்மா திங்கட்கிழமை ஊருக்கு வருகிறாராம், கொடுத்தனுப்புகிறேன் என்றாள்.

"மே மாசமே அனுப்பறேன்னு சொன்னேனேப்பா. மூணு வாரம் ஆகும்னதும், வேணாம், இங்கயே ஒண்ணு கிடைச்சுடுச்சுன்னு சொன்னீங்க."

"இப்ப அது பழசாயிடுச்சு."

"ஆறு மாசத்துலயா?"

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். மே 11. என் கையெழுத்து. "இ.மு. ஹோஸ் மாற்றினேன். உள்ளூர், வேறு வண்டியுடையது. மரை சேருகிறது. நீளம் ஒரு அங்குலம் கூடுதல். பாதகமில்லை." நோட்டைப் புத்தக அலமாரியின் மேல்தட்டில் பின்வரிசையில் வைத்தேன்.

நவம்பர் 18, ஞாயிறு

எனக்கு முன்பே விழித்திருந்தாள். காபியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

உட்கார்ந்தேன். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"அது என் கால்தாங்க. நான் மாத்தி அமுத்திட்டன்."

அவள் கீழே வைத்த காபியை ஓரமாக நகர்த்தினேன்.

"ஒரு மாசமா யோசிச்சுப் பாத்துட்டன். எனக்கு அறுபது வயசாவுது. தேவசகாயம் சார் சொன்னதுதான் நடந்திருக்கணும். பின் சக்கரத்துல ஒழுகல் இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அந்த ஆளு வேலை நல்ல வேலதான். என் தப்புக்கு அவரு ஏன் அவமானப்படணும்? ஃபாதருக்கு எழுதுங்க. மதலேன் கால் மாறி அமுத்திட்டான்னு எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறன். லைசென்ஸையும் திருப்பிக் குடுத்துடறன். வண்டிய யாருக்காவது வித்துடுங்க."

"அவசரப்படாத" என்றேன்.

"இருபத்தஞ்சாந்தேதி கூட்டம் இல்ல?"

அதையும் கேட்டிருக்கிறாள்.

நவம்பர் 19, திங்கள்

எழுதினேன். அவள் பெயரில்: "விபத்து என் தவறால் நேர்ந்தது. வண்டியின் பிரேக்கில் குறையில்லை. கலியமூர்த்தி செய்த வேலை சரியானது." கடைசி வாக்கியம் உண்மை.

மதலேன் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள். கையெழுத்துப் போட்டாள். தபால் ஆபீசில் இருபத்தெட்டு வருடம் போட்ட கையெழுத்து, ஒரு கோடுகூட மாறாது. இன்று கடைசி எழுத்து கொஞ்சம் இறங்கியிருந்தது.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். இதைக் கொடுத்துவிட்டால் கலியமூர்த்திக்கு வேன் வேலை கிடைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. வண்டியை விற்றுவிடலாம். இப்படி யோசித்துக்கொண்டு கடற்கரை வரை நடந்துவிட்டு, கொடுக்காமல் திரும்பி வந்தேன். நாளை கொடுக்கலாம்.

நவம்பர் 21, புதன்

ஹோஸ் வந்தது. நல்ல பிளாஸ்டிக் உறையில், பாகத்தின் எண் அச்சடித்து. கையில் பிடித்தாலே வித்தியாசம் தெரிகிறது. குட்டையாக, கெட்டியாக இருக்கிறது.

விற்பதானாலும் பிரேக்கை முடித்துத்தான் விற்க வேண்டும். பழைய ஹோஸைக் கழற்றி, வேட்டித் துணியில் சுற்றி, ஆணிகள் போட்டுவைக்கும் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். புதியதை மாட்ட எந்த நட்டை முதலில் இறுக்குவது என்பதில் சந்தேகம் வந்தது. மே மாதத்தில் இந்தச் சந்தேகம் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று, ஹோஸ் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன்.

"ஹோஸ் எதுக்கு?"

"பழசு. மாத்திடலாம்னு."

அவள் பக்கத்தைத் தேடி எடுத்தாள். மனதுக்குள் பிரெஞ்சில் படித்து, தமிழில் சொன்னாள். "முதல்ல சக்கரத்துப் பக்கம் இறுக்கணும். அப்புறம் சேஸி பக்கம். ஹோஸ் முறுக்கிக்கக் கூடாது." நான் போய் இறுக்கிவிட்டு வந்தேன். "அப்புறம்?"

"சக்கரத்த மாட்டி, வண்டிய இறக்கி, ஸ்டீயரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாக்கணும். ஹோஸ் டயர்ல எந்த இடத்துலயும் படக் கூடாது. பட்டா..." நிறுத்தினாள். மறுபடி மனதுக்குள் படித்தாள். "பட்டா, உரசி உரசிக் கொஞ்ச நாள்ல அறுந்துடும். அப்ப மொத்த பிரேக்கும் போயிடும். இத மட்டும் தடித்த எழுத்துல போட்டிருக்கு."

நான் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மே மாசம் இந்தப் பக்கத்தோட மேல்பாதிய மட்டுந்தான் படிக்க வெச்சீங்க. போதும், மீதி எனக்குத் தெரியும்னு போயிட்டீங்க."

"இருக்கலாம்."

"பழைய ஹோஸ் எங்க?"

"தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் புத்தகத்தை மூடவில்லை. என்னையும் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "தூக்கிப் போட்டுட்டீங்களா" என்றாள். கேள்வியாக இல்லை. திரும்பிப் படுக்க முயன்றாள். கால் ஒத்துழைக்கவில்லை. பாதி திரும்பிய நிலையில் அப்படியே இருந்தாள்.

கொட்டகைக்குப் போனேன். டப்பாவுக்குப் பின்னாலிருந்து துணியோடு எடுத்துவந்து, வீட்டுக்குள் போய், அவள் மடியில் வைத்துப் பிரித்தேன்.

ஹோஸின் ஒரு பக்கத்தில் விரல் நீளத்துக்கு ரப்பர் தேய்ந்து வழவழப்பாகி, உள்ளே இருக்கும் நூல் பின்னல் தெரிந்தது. அதன் நடுவில் அரிசி அளவுக்கு ஒரு கிழிசல். அதை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். கிழிசலில் நகம் நின்றது.

"எப்ப பாத்தீங்க?"

"போன புதன்கிழமை, பதினாலாந்தேதி."

"பதினாலு." விரல்விட்டு எண்ணினாள். "பதினெட்டாந்தேதி நான் உங்ககிட்ட சொன்னன். பத்தொம்பதாந்தேதி கையெழுத்து வாங்கினீங்க."

"அதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், மதலேன். கழட்டாமலே தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அவள் முகத்தில் கோபத்தை எதிர்பார்த்தேன். முதலில் வந்தது வேறொன்று. ஒரு மாதமாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதுபோல் தோள் இறங்கியது. "அப்ப நான் அமுத்தினது பிரேக்குதான்" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. மறுபடியும் சொன்னாள், எனக்கில்லை: "பிரேக்குதான்."

பிறகு கையை நீட்டினாள். சட்டைப்பையிலிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். நான்காகக் கிழித்துப் படுக்கைக்கு அடியில் போட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நவம்பர் 22, வியாழன்

ஃபாதரைப் பார்த்துச் சொன்னேன். புதிதாக எழுதியும் கொடுத்தேன். இந்த முறை ஒன்றரைப் பக்கம் வந்தது. ஹோஸையும் மேசைமேல் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"முதல் கடிதாசி குழுக்காரங்க எல்லார் கைக்கும் போயிடுச்சு சார். இதையும் அனுப்பறேன். ஆனா ஒரு தடவ பயம் வந்துட்டா, என்ன முடிவெடுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீங்க அளந்து பேசற ஆளுன்னுதான் உங்ககிட்ட கேட்டேன்" என்றார்.

இன்று வாட்ச்மேன் எழுந்து நின்றாரா என்று நான் பார்க்கவில்லை.

நவம்பர் 24, சனி

காலை முத்தியால்பேட்டை போனேன். கலியமூர்த்தி ஒரு ஆட்டோவுக்கு அடியில் படுத்திருந்தான். நான் கூப்பிட்டேன். "சொல்லுங்க சார், காது கேக்குது" என்றான், வெளியே வராமல்.

அவன் காலைப் பார்த்துப் பேசுவது கஷ்டமாக இருந்தது. தனியாகப் பேச வேண்டும் என்றேன்.

"தனியா எதுக்கு? அன்னிக்குத் தனியாவா பேசினீங்க?"

சரிதான். அன்று நின்ற இடத்தில், டீக்கடையைப் பார்த்து நின்றேன். பெஞ்சில் நான்கு பேர் இருந்தார்கள். வகுப்பில் நாற்பது பேருக்கு முன் நின்று பேசிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை. மே மாதம் தவறான ஹோஸை மாட்டியது நான், அது அறுந்ததால்தான் வண்டி மோதியது, கலியமூர்த்தி அந்தச் சக்கரத்தைத் தொடவே இல்லை, அவர்மேல் நான் பழி போட்டேன் என்று சொன்னேன். "சத்தமா சொல்லுங்க, லாரி போவுது" என்றார் ஒருவர். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

டீ ஆற்றுகிறவர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

கலியமூர்த்தி வெளியே வந்து எழுந்து உட்கார்ந்தான். "உங்க ஸ்கூல்லதான் சார் என் பொண்ணும் படிக்குது. ஏழாவது. உங்கப்பா செஞ்ச காரு மோதிடுச்சாமேன்னு கிளாஸ்ல கேட்டிருக்குதுங்க. அது வூட்ல வந்து எங்கிட்ட கேக்குது, நீ சரியா செஞ்சியாப்பான்னு." ஸ்பானரைத் துடைத்தான். "நான் என்னா சொல்றது? சரியாதாம்மா செஞ்சன்னு சொன்னன். எனக்கே ராத்திரியெல்லாம் சந்தேகம். பின் சக்கரத்து நட்ட இறுக்குனமா இல்லியான்னு."

"உங்க பொண்ணுகிட்ட நான் வந்து சொல்றேன்" என்றேன்.

"வேணாம் சார். சொல்லிட்டீங்க இல்ல, போங்க." மறுபடி ஆட்டோவுக்கு அடியில் போய்விட்டான்.

நவம்பர் 26, திங்கள்

நேற்றுக் குழு கூடியது. ஆறு வேனும் வேறொருவருக்குப் போய்விட்டது. ஒரு வருட ஒப்பந்தம்.

மதலேனிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஐந்து நாளில் முதல் சொல்.

நவம்பர் 30, வெள்ளி

வாசலில் கலியமூர்த்தி நின்றான். மதலேன் போன் செய்து வரச் சொல்லியிருக்கிறாள். "அம்மா கேட்டதால வந்தன் சார்" என்றான்.

நான் மாட்டிய புது ஹோஸை அவன் கழற்றிப் பார்த்து மறுபடி மாட்டினான். நான் விளக்கைப் பிடித்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, சக்கரத்துக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தான். மூன்று முறை. இனி குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் பெடலை அமுத்த வேண்டும்.

"நீங்க ஏறி உக்காருங்க சார். நான் சொல்றப்ப அமுத்துங்க."

இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தேன். மதலேனின் சீட். எத்தனையோ வருடமாக இந்தப் பெடலின் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறேன், ரப்பரை மாற்றியிருக்கிறேன். "அமுத்துங்க" என்றான்.

அமுத்தினேன். அடியில் ஒன்றுமே இல்லை. தண்ணீரில் கால் வைத்ததுபோல நேரே தரை வரை போய்விட்டது.

"புடிச்சுக்கிட்டு இருங்க... விடுங்க. அமுத்துங்க."

ஷேர் ஆட்டோ, அதில் பிதுங்கி உட்கார்ந்திருக்கும் ஆட்கள், இப்படி இறங்கும் ஒரு பெடல். அவளுக்குக் கிடைத்தது இரண்டு விநாடிகூட இருக்காது. அதற்குள் சுவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள்.

"சார், அமுத்துங்கன்னு சொன்னன்."

அமுத்தினேன். பதினைந்தாவது முறையோ பதினாறாவது முறையோ கால் பாதியில் நின்றது. பெடல் கல்போலத் திருப்பித் தள்ளியது. நான் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைக் கலியமூர்த்தி பார்த்தான். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

டிசம்பர் 9, ஞாயிறு

மட்கார்டு டிங்கரிங் முடிந்தது. பெயிண்ட் நிறம் சேரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும்.

மதலேன் வாக்கரோடு கொட்டகை வரை வந்தாள். வண்டியை ஒரு சுற்றுப் பார்த்தாள். இடது முன்சக்கரத்தின் அருகில் நின்றாள். நானும் நின்றேன்.

"ஹோஸ மாட்டினது தப்புதான். அது ஒரு தப்பு, யாருக்கும் வரும்" என்றாள். "என்ன நானே சந்தேகப்படறத ஜன்னலுக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டு இருந்தீங்களே. அதுக்கு என்னா பேரு?"

எனக்குப் பெயர் தெரியவில்லை. தெரியவில்லை என்றேன்.

"யோசிங்க" என்றாள். வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள்.

டிசம்பர் 18, செவ்வாய்

டாக்டர் எலும்பு கூடிவிட்டது என்றார். இனி வாக்கர் வேண்டாம், ஊன்றி நடக்கலாம். வண்டி ஓட்ட இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றார். அதை அவளாகவே கேட்டாள். லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சு இல்லை.

கையேட்டின் ஹோஸ் பக்கத்தைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டேன். எழுதித் தந்தாள். கடைசி வரியின் அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள். கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

ஜனவரி 20, ஞாயிறு

காலை எட்டரை மணி. கலியமூர்த்தி மகளையும் சைக்கிளில் அழைத்துவந்திருந்தான். பெயர் தமிழரசி. அவள் என்னைப் பார்த்ததும் "குட் மார்னிங் சார்" என்றாள். நான் அவளிடம் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அப்பா வேலையில் ஒரு குறையும் இல்லை, தவறு என்னுடையது என்று. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வண்டியின் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மதலேன் ஏறி உட்கார்ந்தாள். வலப்பக்கம் கலியமூர்த்தி. பின்சீட்டில் தமிழரசி. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன்.

முதல் சுற்றில் ஆள் நடக்கும் வேகத்தில் போனாள். தெருமுனையில் நிறுத்தினாள், எடுத்தாள். இரண்டாம் சுற்றில் கியர் மாற்றும் சத்தம் கேட்டது. என்னைத் தாண்டிப் போனபோது அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மூன்றாம் சுற்றில் கேட்டுக்கு எதிரே வந்து நின்றாள். கலியமூர்த்தி இறங்கி, மகளையும் இறக்கிவிட்டு, "போதும் சார், நல்லாருக்கு. இனி நீங்க உக்காருங்க" என்றான்.

மதலேனைப் பார்த்தேன். கை ஸ்டீயரிங்மேல் இருந்தது. பார்வை முன்னால் இருந்தது. வண்டியை அணைக்கவில்லை. ஏறிக்கொண்டேன்.

கிடங்குப் பக்கம் திருப்பினாள். சுவரில் அந்த இடம் புதிதாகப் பூசி வெளுப்பாக இருந்தது. திருப்பத்தில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் இறக்கிக்கொண்டிருந்தது. வேகம் குறையவில்லை. என் வலது கால் தானாக முன்னே போய், ஒன்றும் இல்லாத தரையை அழுத்தியது. இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்தேன்.

வண்டி நின்றது. ஆட்டோவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

மதலேன் குனிந்து என் காலைப் பார்த்தாள். அது இன்னும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"பிடிக்குது" என்றாள். "எடுங்க கால."